ஆப்பிள் தோட்டமும் தெளிப்பு மருந்தும்

ஆப்பிளைத் துளைத்து விதைவரை செல்லும் காட்லிங் அந்துப்பூச்சியின் புழுவை ஒழிக்க, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தோட்டக்காரர்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஈயமும் ஆர்சனிக்கும் கலந்த ஈய ஆர்சனேட்டைத் தெளித்தனர். புழு அந்நஞ்சைத் தாங்கப் பழகியபோது அளவைக் கூட்டினர், 1940களின் இறுதியில் டி.டி.டி.க்கு மாறினர், ஆயினும் சிதைவுறாத அவ்விரு தனிமங்களும், பல தோட்டங்கள் குடியிருப்புகளாகிவிட்ட பின்னரும், மேல்மண்ணில் தங்கியே இருக்கின்றன. இவ்வழியிலிருந்து விலகும் வாய்ப்பை அளிப்பது இனக்கவர்ச்சிப்பொருள் முறை: பெண் அந்து ஆணை அழைக்க வெளியிடும் மணத்தைச் செயற்கையாக உருவாக்கித் தோட்டமெங்கும் பரப்பினால், ஆண் தன் துணையைக் கண்டறிய இயலாமல் இனப்பெருக்கம் தடைபடுகிறது. இயற்கைவழி ஆப்பிளுக்கான வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறதேயன்றி, தெளிப்பே காணாத பழம் என்னும் விளம்பரத்தில் இல்லை. ஏனெனில் பூஞ்சையால் வரும் பொருக்கு நோய்க்கு இயற்கைவழி விவசாயியும் கந்தகத்தையும் செம்புச் சேர்மங்களையும் தெளிக்கிறார், செம்பும் மண்ணில் சேரவே செய்கிறது. தீக்கருகல் என்னும் பாக்டீரியா நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைக்கூட (மருத்துவமனைக்குரிய அதே மருந்தைத்தான்) அமெரிக்க இயற்கைவழிச் சான்றிதழ் விதிகள் 2014 வரை அனுமதித்திருந்தன. 1978இல் வெளியான லிபர்ட்டி போன்ற, பொருக்கு நோயைத் தாங்கும் ரகங்கள் தெளிப்பைக் குறைக்க வல்லவை. கடைகளோ இன்னும் காலா போன்ற மற்ற ரகங்களையே அடுக்குகின்றன.