அம்மிணி ஜெயிச்சா, ஃபோனை யாரு எடுக்கறது?

கமலா ஹாரிஸ் தோத்த மறுநாள் எங்க ஏரியா பேக்கரியில ஒரே துக்கமுங்க. 2024 நவம்பர். ஒரு கையில டீ, இன்னொரு கையில தேங்கா பன்னு, மூஞ்சியில அப்படியொரு வருத்தம். "என்ன இருந்தாலும் அமெரிக்காக்காரனுக்கு இன்னும் பக்குவம் வரலைங்க"ங்கறாரு ஒருத்தர். "2016-லயும் இதே கதைதானுங்களே. ஹிலாரியம்மா ட்ரம்ப்பை விட கிட்டத்தட்ட 29 லட்சம் ஓட்டு கூட வாங்கியும் உட்கார விடலையே"ங்கறாரு இன்னொருத்தர். துளசேந்திரபுரத்துல, அதுதான் மன்னார்குடிப் பக்கம் கமலாவோட தாத்தா ஊரு, பூஜை போட்டதெல்லாம் வீணாப் போச்சேன்னு மூணாவது ஆளுக்குக் கவலை. கடைசியா எல்லாரும் சேந்து ஒரு முடிவுக்கு வந்தாங்க. நாம 1966-லயே இந்திரா காந்தியைப் பிரதமராக்கிட்டோம். சிலோன்காரன் 1960-லயே சிறிமாவோவை ஆக்கிட்டான். நாமெல்லாம் எங்க, அமெரிக்காக்காரன் எங்க!

சரிங்க. இவ்வளவு பக்குவப்பட்ட ஊர்ல, தெரு லைட்டு எரியலைன்னு எங்க கவுன்சிலரம்மாவுக்கு ஃபோன் போட்டா யாரு எடுக்கறாங்க தெரியுமா?

அவங்க வீட்டுக்காரர்.

"சொல்லுங்க, கவுன்சிலர்தான் பேசறேன்."

அம்மா இல்லீங்களா?

"அவ சமையல்ல இருக்கறா. எங்கிட்டயே சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணுதான்."

ரெண்டும் ஒண்ணுதானாம்! மிஷின்ல இருந்த பேரு அந்தம்மாவோடது. உறுதிமொழி எடுத்தது அந்தம்மா. நான் வெயில்ல வரிசையில நின்னு விரல்ல மை வெச்சுக்கிட்டது அந்தம்மாவுக்காக. இப்ப ஃபோன்ல இருக்கறது யாருங்க? நிலத்துக்குத்தான் பினாமி உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கறேன். நாற்காலிக்குமா?

கட்சி எதுன்னு கேக்காதீங்க. எந்தக் கட்சியா இருந்தா என்ன, லட்சணம் ஒண்ணுதான். ரோட்டுக்குப் பூமி பூஜைன்னா கடப்பாரையைப் பிடிக்கறது அவரு, அம்மிணி பக்கத்துல ஆரத்தித் தட்டோட. ஃப்ளெக்ஸ் வெச்சா அவரு படம் ஆளுயரம், அம்மிணி படம் பாஸ்போர்ட் சைஸு. வார்டு வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின் அவரு. அம்மிணி அந்தக் குரூப்புலயே இல்லை! ஸ்கூட்டியில தனியா வந்து, சாக்கடை அடைச்ச இடத்துல நின்னு ஆளை வேலை வாங்கற கவுன்சிலரம்மாக்களும் இருக்காங்க. நானே பாத்திருக்கறேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்களைப் பத்திப் பேக்கரியில என்ன பேச்சு? "அந்தம்மா கொஞ்சம் ஓவருங்க."

இப்ப கணக்குக்கு வருவோம். 2016-ல சட்டம் வந்துச்சு, தமிழ்நாட்டு உள்ளாட்சியில பொம்பளைங்களுக்குப் பாதி. நல்ல சட்டம். 2022 பிப்ரவரியில நகர்ப்புறத் தேர்தல் நடந்துச்சு. அப்ப மாநிலத்துல மொத்தம் 21 மாநகராட்சி. அதுல 11 மேயர் பதவியைப் பெண்களுக்குன்னு ஒதுக்கினாங்க. கோயம்புத்தூர், ஈரோடு, கரூர் எல்லாம் அந்தப் பதினொண்ணுல சேத்தி. பதினொண்ணுலயும் பொம்பளைங்க வந்தாங்க. வேற வழி? சட்டமாச்சே.

மிச்சம் 10 இருந்துச்சில்லீங்களா, பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்காதது? நம்ம திருப்பூர், சேலம், ஓசூர் எல்லாம் அதுலதான் வரும். அந்தப் பத்துல எத்தனை பொம்பளைங்க மேயர் ஆனாங்க? ஒருத்தர்? ரெண்டு பேர்? யோசிக்காதீங்க. ஒருத்தர்கூட இல்லை. பத்துக்குப் பத்தும் ஆம்பளைங்க. 'பெண்கள்'னு எழுதாத இடத்துல எல்லாம் 'ஆண்கள் மட்டும்'னு எழுதியிருக்கறதா நம்மாளுங்க படிச்சுக்கறாங்க, அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் மாநகராட்சி ஆனது 1981-ல. முதல் மேயர் 1996-ல. முதல் பெண் மேயருக்கு 2022 வரைக்கும் காத்துக் கெடக்க வேண்டியதாப் போச்சு. கல்பனா ஆனந்தகுமார் வந்தாங்க. 2024-ல அவங்க ராஜினாமா பண்ணினதும் ரங்கநாயகி வந்தாங்க. ரெண்டு தடவையும் பேக்கரியில கிளம்பின முதல் கேள்வி என்ன? எந்த வார்டுங்க, எத்தனை வருஷமா கட்சியில இருக்காங்க, இவங்க வந்தாவது சிறுவாணித் தண்ணி ஒழுங்கா வருமா, இதெல்லாம் இல்லை. "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" அதுக்கு முந்தி இருந்த மேயருங்க சம்சாரமெல்லாம் என்ன பண்ணாங்கன்னு எவனாவது ஒருத்தன் கேட்டிருப்பானா?

உடனே ஒருத்தர் வருவாரு. "சனங்க ஏத்துக்க மாட்டாங்கம்மா. நம்மூரு சனம் இன்னும் அந்த அளவுக்கு வரலை."

சனங்க மேல பழியைப் போடாதீங்க சாமி. கோவத்தைக் கிளப்பாதீங்க.

மொடக்குறிச்சி தெரியுமில்லீங்களா, ஈரோட்டுக்குப் பக்கத்துல? 1996 சட்டமன்றத் தேர்தல்ல அந்த ஒரு தொகுதியில 1,033 பேரு வேட்பாளருங்க. விவசாயிங்க தங்களோட பிரச்சினையை நாட்டுக்குக் காட்டறதுக்காகக் கும்பல் கும்பலா மனு போட்டாங்க. வாக்குச்சீட்டை ஒரு புஸ்தகமாவே அடிக்க வேண்டியதாப் போச்சு. அந்தப் புஸ்தகத்தைப் புரட்டிப் புரட்டி, ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு நடுவுல தேடி, மொடக்குறிச்சிக்காரங்க யாருக்குக் குத்தினாங்க? சுப்புலட்சுமி ஜெகதீசனுக்கு. ஒரு பொம்பளைக்கு. முத்திரை குத்த இடம் தேடறதே பெரும்பாடா இருந்த தேர்தல்ல!

அதே அம்மா 2004-ல திருச்செங்கோட்டுல பார்லிமென்ட்டுக்கு நின்னாங்க. எதுத்து நின்னது எடப்பாடி பழனிசாமி. ஜெயிச்சது சுப்புலட்சுமியம்மா. மத்தியில இணை அமைச்சரும் ஆனாங்க. அப்புறம் 2021-ல மறுபடி மொடக்குறிச்சி. இந்தத் தடவை எதுத்து நின்னதும் பொம்பளைதான், பாஜகவோட சரஸ்வதி. 281 ஓட்டுல சரஸ்வதியம்மா ஜெயிச்சாங்க. ரெண்டு பெரிய கட்சிக் கூட்டணியும் பொம்பளையவே நிறுத்தினப்ப மொடக்குறிச்சியில வானம் இடிஞ்சு விழுந்துச்சா? மஞ்சள் விளையாம போச்சா? அதே வருஷம் கோவை தெற்குல வானதி சீனிவாசன் கமல்ஹாசனையே 1,728 ஓட்டுல தோக்கடிச்சாங்க. உலக நாயகனையேங்க!

இன்னும் பின்னால போகணுமா? கோயம்புத்தூர் சனங்க 1957-லயே பார்வதி கிருஷ்ணனை லோக்சபாவுக்கு அனுப்பினவங்க. 1977-ல மறுபடியும் அனுப்பினாங்க. அப்பா சுப்பராயன் குமாரமங்கலம் ஜமீன்தாரு, மதராஸ் மாகாணத்துக்கே முதல் மந்திரியா இருந்தவரு, காங்கிரஸ்காரரு. மக கம்யூனிஸ்ட், தொழிற்சங்கம். அப்பா பேரை வெச்சுப் பொழைச்ச அரசியல் இல்லைங்க அது. மில்லு கேட்டுல நின்னு பேசின அரசியல். ஓட்டுப் போட்டவங்க யாரு? எங்க தாத்தன் பாட்டிங்கதான். இந்த டெல்லி டிவியில 'இந்தியா தயாரா'ன்னு விவாதம் நடத்தற யாருமே பொறக்காத காலத்துல.

1977-க்குப் பொறவு? 2024 தேர்தல் வரைக்கும் கோயம்புத்தூர்ல இருந்து லோக்சபாவுக்கு ஒரு பொம்பளைகூடப் போகலை. சனங்க புத்தி திடீர்னு பின்னால போயிருச்சா? சீட்டே குடுக்கலைன்னா யாருக்கு ஓட்டுப் போடறது?

2021 சட்டமன்றத்துல 234 பேருக்கு 12 பொம்பளைங்க. பன்னெண்டு! வாக்காளர் பட்டியல்ல ஆம்பளைங்களை விட நாமதான் ஜாஸ்தி. மகளிர் உரிமைத் தொகை, ஃப்ரீ பஸ்ஸு, மிக்ஸி, கிரைண்டர்னு நம்ம ஓட்டுக்கு எல்லாரும் வரிசையில நிக்கறாங்க. வேட்பாளர் லிஸ்ட்டுல மட்டும் நம்மளுக்கு வரிசையே கெடையாது. டெல்லிக் கதை தனிக் கூத்து. மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவை முதல்ல கொண்டு வந்தது 1996-ல. சட்டமானது 2023-ல. சரி, வந்துருச்சேன்னு சந்தோஷப்பட்டா, மக்கள்தொகைக் கணக்கு எடுத்து, தொகுதியெல்லாம் மறுபடி வரைஞ்சு முடிச்ச பொறவுதான் அமலுக்கு வரும்னு அதுலயே எழுதி வெச்சிருக்காங்க. கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லிட்டு, முகூர்த்தத்தை மட்டும் குறிக்காத சம்பந்தி வீடு மாதிரி.

"ஏனுங்க, அம்மா இருந்தாங்களே!" இது அடுத்த ஆளு. தெரியும், வருவீங்கன்னு தெரியும்.

இருந்தாங்க. நம்ம கொங்கு நாடு ஜெயலலிதாம்மாவோட கோட்டை. ஹெலிகாப்டர் வானத்துல புள்ளியாத் தெரியறப்பவே கீழ நின்னு குனிஞ்சு கும்பிட்ட மந்திரிங்களை எல்லாம் டிவியில பாத்தோம். அப்படிக் குனிஞ்சதை எல்லாரும் பெண்ணுக்குக் குடுத்த மரியாதைன்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலைங்க. சக மனுசிக்கு மரியாதை குடுக்கறவன் நேரா நின்னு கண்ணைப் பாத்துப் பேசுவான். இவங்க சாமியாக்கிட்டாங்க. சாமியை மனுசியா நெனைக்க வேண்டியதில்லை பாருங்க, அது ஒரு வசதி. அதே மந்திரி வீட்டுல அவரு சம்சாரம் கூடத்துக்கு வந்து ஒரு வார்த்தை பேசியிருப்பாங்களா?

சாமியாகறதுக்கு முந்தி அந்தம்மா பட்டது என்ன கொஞ்சமா? எம்.ஜி.ஆர் போனதும் 1988 ஜனவரியில ஜானகியம்மா 24 நாள் முதலமைச்சர். கட்சி ரெண்டாச்சு. ரெண்டு பொம்பளைங்களுக்கும் கெடைச்ச பட்டப்பேருங்களை இங்க எழுத முடியாது. 1989 மார்ச் 25-ம் தேதி சட்டமன்றத்துல இருந்து அந்தம்மா சேலை கலைஞ்சு வெளிய வந்தாங்க. அதையும் தாண்டித்தான் 1991-ல முதலமைச்சர்.

அதுவும் பாருங்க, பின்னால ஒரு ஆம்பளை போட்டோ இருந்தாத்தான் நம்ம பக்கம் கதவே திறக்குது. இந்திராவுக்கு நேரு. ஜெயலலிதாவுக்கு எம்.ஜி.ஆர். சிறிமாவோ, புருசனை எவனோ சுட்டுக் கொன்ன மறுவருஷம் பிரதமர். பெனாசிருக்கு அப்பா, ஹசீனாவுக்கு அப்பா. இப்ப இலங்கையில ஹரிணி அமரசூரிய மாதிரி, காலேஜுல பாடம் நடத்திக்கிட்டு இருந்த ஒருத்தங்க 2024-ல பிரதமரா வந்தது எனக்கு அதனாலதான் ஆச்சரியமா இருந்துச்சு.

என் ஆத்தாமை என்னன்னா, சுமாரான பொம்பளைக்கு இங்க இடமே இல்லைங்க. சுமாரான ஆம்பளைங்க எத்தனை பேரு எம்.எல்.ஏ ஆகி, அஞ்சு வருஷம் பெஞ்சைத் தட்டிட்டு, பென்ஷனும் வாங்கிக்கிட்டுப் போயிருக்காங்க! எவனும் கேக்கலை. பொம்பளைன்னா மட்டும் இரும்பா இருக்கணும், துர்கையா இருக்கணும், இல்லாட்டி தியாகியா இருக்கணும். அவ தப்புப் பண்ணினா உடனே "இதுக்குத்தான் பொம்பளைங்களை விடக்கூடாது"ம்பாங்க. ஆம்பளை தப்புப் பண்ணினா அவன் பேரோட முடிஞ்சுது. எவனாவது "இதுக்குத்தான் ஆம்பளைங்களை விடக்கூடாது"ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

நாடு கெடக்கட்டும், எங்க அபார்ட்மென்ட்டையே எடுத்துக்குங்க. லாரித் தண்ணி சொல்றது, மெயின்டெனன்ஸ் வசூல் பண்றது, மோட்டார் காயில் போச்சுன்னா ஆளைப் பிடிக்கறது, செக்யூரிட்டி வரலைன்னா ஏஜென்சிகிட்ட சண்டை போடறது எல்லாம் லேடீஸ்தான். பிரசிடெண்ட் யாரு? ரிட்டயர்ட் ஆன ஒரு சாரு. அவரு போனா இன்னொரு ரிட்டயர்ட் சாரு. மார்ச் 8 வந்தா எங்களுக்குக் கோலப்போட்டி. லெமன் அண்ட் ஸ்பூன். ஜெயிச்சா பிரசிடெண்ட் சாரு கையால ஹாட் பாக்ஸ். வீட்டுல அடுக்க இடமில்லைங்க ஹாட் பாக்ஸு!

எங்க சின்னம்மா பையன் ஒருத்தன் கட்சியில வட்டச் செயலாளர். நல்ல பையன்தான். அன்னிக்கு வீட்டுக்கு வந்திருந்தான். ஏங்கண்ணு, பொம்பளைங்களுக்குச் சீட்டு குடுக்க உங்க கட்சிக்கு என்னடா வலிக்குதுன்னு கேட்டேன்.

"ஜெயிக்கற கேண்டிடேட்டாத்தானுங்கக்கா பாக்கணும். செலவு பண்ணோணும், நாலு எடத்துக்கு ராத்திரி பகல்னு அலையோணும். லேடீஸ்னா செரமமுங்க."

மொடக்குறிச்சியைச் சொன்னேன். திருச்செங்கோட்டைச் சொன்னேன். பத்துக்குப் பத்து கணக்கையும் சொன்னேன்.

"அதெல்லாம் வேறங்கக்கா."

என்ன வேற? அதுக்குப் பதில் இல்லை. முறுக்கைக் கடிச்சான். கொஞ்ச நேரம் கழிச்சு அவனே ஆரம்பிச்சான். "அடுத்த தடவை எங்க வார்டு லேடீஸுக்குப் போயிரும்னு பேசிக்கறாங்கக்கா. போனாலும் கவலையில்லை. எங்க வீட்டுல அவளையே நிறுத்திடலாம்னு இருக்கறேன். ஃப்ளெக்ஸுக்குக்கூடச் சொல்லி வெச்சாச்சு."

அவகிட்டக் கேட்டியாடா?

"அவகிட்டக் கேக்கறதுக்கு என்னங்கக்கா இருக்குது?"