குத்தகைக் காலமும் ஓர் ஆய்வுப் பொருள்தான்

ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளைக் கடந்து போகும் மெக்கவன் வீதி, மார்க்கம் தாண்டி ஸ்ரௌவ்வில் வழியாக வடக்கே நீள்கிறது. ஸ்ரௌவ்வில்லில் 11861, 12045 என்ற இலக்கங்கள் கொண்ட நிலங்கள் 2022 நவம்பரில் செய்தியாயின. கிறீன்பெல்ட் என்ற பாதுகாக்கப்பட்ட பசுமை வளையத்திலிருந்து 15 இடங்களில் 7,400 ஏக்கரை எடுத்து வீடு கட்ட விடுவதாக ஒன்ராறியோ அரசு அறிவித்த பட்டியலில் அவையும் இருந்தன. அந்த முடிவால் நிலச் சொந்தக்காரர்களின் சொத்து மதிப்பு குறைந்தபட்சம் 828 கோடி டொலர் கூடும் என்று மாகாணக் கணக்காய்வாளர் 2023 ஆகஸ்டில் கணக்குச் சொன்னார். அடுத்த மாதமே முதல்வர் டக் ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டு நிலத்தைத் திருப்பிவிட்டார்.

ஏறத்தாழ ஒரு வருடம் நடந்த அந்தச் சண்டையில் வீட்டுத் தட்டுப்பாடு பேசப்பட்டது, ஈரநிலம் பேசப்பட்டது, ஊழல் பேசப்பட்டது. காப்பாற்றிய நிலத்தில் என்ன விளைகிறது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பெரும்பாலும் சோளமும் சோயாவும்தான். அதிலும் கணிசமான பங்கு மாட்டுத் தீவனத்துக்கும் எதனோலுக்கும் போகிறது. அதே வீதியின் தென்பகுதியில் நாம் வாங்கும் வெண்டிக்காயும் பாகற்காயும் மெக்சிகோ, ஹொண்டூராஸ், டொமினிக்கன் குடியரசு என்று எங்கிருந்தோ குளிரூட்டிய பெட்டியில் வருகின்றன.

இது சின்னச் சந்தை அல்ல. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பமிடேலே அடெகுன்லே, கிளென் ஃபில்சன், ஸ்ரீதரன் சேதுரத்தினம் ஆகியோர் பதினைந்து வருடங்களுக்கு முன்பே இதை ஆராய்ந்தார்கள். தங்கள் ஊர்க் காய்கறிக்காக ரொறன்ரோ பெரும்பாகத்தின் தெற்காசியர் மாதம் 3.3 கோடி டொலரும், சீனர் 2.1 கோடியும், ஆபிரிக்க-கரிபியர் 70 லட்சமும் செலவிடுகிறார்கள் என்பது அவர்கள் கணிப்பு. மொத்தம் மாதம் 6.1 கோடி. இன்று ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்டன் வளர்ந்திருக்கும் அளவைப் பார்த்தால் இதைப் பழைய கணக்கென்றே கொள்ள வேண்டும்.

நயாகராவில் உள்ள வைன்லாண்ட் ஆய்வு நிலையம் இந்தச் சந்தையைக் கவனித்தது. 1906இல் பழத்தோட்டச் சோதனைக்களமாகத் தொடங்கி, பீச், திராட்சை என்று பெயர் எடுத்த நிலையம் அது. 2007இல் தனி ஆய்வு நிறுவனமாக மாறிய பின், ‘உலகப் பயிர்கள்’ என்ற தலைப்பில் வெண்டி, நீளக் கத்தரி, உருண்டைக் கத்தரி, பயத்தங்காய் ஆகியவற்றை நட்டுப் பார்த்தது. உள்ளூர் விவசாயிகளையும் நகரத்து உணவு அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டது. பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் வெண்டி இந்த மண்ணுக்கு இலேசில் மசியாது. மண் நன்றாகச் சூடேறாமல் விதை முளைக்காது. ஸ்ரௌவ்வில்லில் மே மாதத்திலும் மண் கையைச் சில்லிட வைக்கும். கண்ணாடி வீட்டில் குழித்தட்டில் நாற்று வளர்த்தால் ஆணிவேர் இடம் மாற்றத்தைப் பொறுக்காமல் முரண்டு பிடிக்கும். மண்ணைச் சூடாக்கக் கறுப்புப் பிளாஸ்ரிக் விரிக்கிறார்கள். பருவம் முடிய அது குப்பைக் கிடங்குக்குப் போகிறது. நிலைத்த வேளாண்மை என்ற பெயரில் செய்கிற காரியம் இது என்பதையும் மறந்துவிடக் கூடாது. காய்க்கத் தொடங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாளாவது பறிக்க வேண்டும். பிந்தினால் நாராகிவிடும். ஒன்ராறியோக் கூலிக்கு இது கட்டுமா என்பது தனிக் கணக்கு.

இன்னொரு சிக்கல் பகலின் நீளம். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலும் பதின்மூன்று மணித்தியாலத்தைத் தொடாது. ரொறன்ரோவில் யூனில் அது பதினைந்தைத் தாண்டும். குறுகிய பகலுக்குப் பழகிய ரகங்கள் கொடியும் இலையுமாகக் கொழுத்து, ஆகஸ்ட் வரை பூவை ஒத்திப்போடும். பிறகு பிஞ்சு பிடித்துக் காய் முற்ற ஆறேழு வாரம்தான். செப்டெம்பர் கடைசியில் உறைபனி விழுந்தால் பந்தல் ஒரே இரவில் கறுத்துப்போகும்.

இதற்கு மருந்து விதைத் தேர்வு. அந்த வேலை ஸ்காபரோவின் பின்வளவுகளில் ஏற்கெனவே நடக்கிறது என்பதுதான் ஆய்வுலகம் காணாத சங்கதி. முதலில் காய்க்கும் கொடியில் ஒரு பாகற்காயை விதைக்கென்று விட்டுப் பழுக்க வைத்து, கழுவி உலர்த்தி, அடுத்த வைகாசிக்குப் பத்திரப்படுத்தும் அம்மம்மாக்கள் எத்தனை பேர்! பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படிச் செய்தால் அது நீண்ட பகலிலும் முந்திப் பூக்கும் விதையைத் தெரிந்தெடுப்பதுதான். ஆய்வகத்தில் இதற்குச் சம்பளம் உண்டு, இங்கே இல்லை. குறையும் இருக்கிறது: பாகலில் அயல் மகரந்தம் சேரும், பக்கத்து வீட்டுக் கொடியும் கலந்துவிடும், குறிப்பேடு கிடையாது. பயணப் பெட்டியில் வந்த விதைக்குத் தாவர நலச் சான்றிதழ் இருக்காது என்பதால் நிறுவனங்கள் அதைத் தொடவும் தயங்கும்.

இந்தக் குறைகளுக்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். 1990களில் மலாவியில் மண் விஞ்ஞானி சீக்லிண்ட் ஸ்னாப் ‘தாய்-சேய்’ சோதனை முறையைக் கொண்டுவந்தார். முழுச் சோதனை ஒரு நடுவிடத்தில் நடக்கும். அதில் சில பாத்திகளை மட்டும் சுற்றியுள்ள உழவர்கள் தங்கள் நிலத்தில் செய்து பார்ப்பார்கள். ஒருவரின் பாத்தி தனியாக ஒன்றையும் நிரூபிக்காது, ஐம்பது பேரின் பாத்திகள் நிரூபிக்கும். ஒன்ராறியோவிலேயே சூழலிய உழவர் சங்கம் 2016 முதல் உழவர் தலைமையிலான ஆய்வை நடத்துகிறது. அங்கே கேள்வியை உழவர் கேட்கிறார்; விஞ்ஞானி சோதனையை வடிவமைக்க உதவுகிறார்; முடிவு எல்லோருக்கும் பொது. வைன்லாண்ட் தாயாகவும் ஸ்காபரோ, மார்க்கம் பின்வளவுகள் சேய்களாகவும் இருக்கும் ஒரு பாகல் ஆய்வுக்குப் பெரிய பணம் வேண்டியதில்லை.

நல்ல விதை கிடைத்த பிறகு அதை எங்கே நடுவது? கூட்டு ஆய்வு பற்றிய பேச்சு இந்தக் கேள்வியில்தான் வழக்கமாக நின்றுபோகிறது. பயிரைத் தெரிந்தவரிடம் நிலம் இல்லை, நிலம் வைத்திருப்பவர் பயத்தங்காயைக் கண்டதில்லை. இடையில் இருப்பது குத்தகை. 1972இல் பிக்கெரிங், மார்க்கம், அக்ஸ்பிரிட்ஜ் பகுதியில் மத்திய அரசு விமான நிலையத்துக்கென்று 18,600 ஏக்கரைச் சுவீகரித்தது. ஒரு விமானமும் இறங்கவில்லை. அந்த நிலத்தில் உழவர்கள் பல பத்தாண்டுகள் ஓராண்டுக் குத்தகையில் பயிர் செய்தார்கள். அடுத்த வருடம் நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் எருப் போடுவாரா, மூடுபயிர் விதைப்பாரா? நட்டு மூன்று நான்கு வருடம் காத்திருந்து காய்க்கும் பழமரம் வைப்பாரா? சோளம் போடுவார். கிறீன்பெல்ட்டில் இவ்வளவு சோளம் இருப்பதற்கு மண்ணும் குளிரும் மட்டும் காரணம் அல்ல. இதை ஆராய விஞ்ஞானிகளுக்கு எளிதில் நிதி கிடைப்பதில்லை, குத்தகைப் பத்திரத்தை விவசாய ஆய்வு என்று பலரும் கருதாததால்.

2025 சனவரியில் அந்த விமான நிலையத் திட்டத்தைக் கைவிட்டதாக அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த் அறிவித்தார். நிலத்தை ரூஜ் தேசிய நகரப் பூங்காவோடு சேர்ப்பது நோக்கம். பூங்காவுக்குள் உழவர்களுக்கு 30 வருடம் வரை குத்தகை தரும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அதில் ஐந்து, பத்து ஏக்கர்த் துண்டுகளாகக் காய்கறிக்கும் பழமரத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கும்படி கேட்கத் தமிழ் அமைப்புகளுக்கு இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. விருது விழாக்களுக்கு நடுவே ஒரு மனு எழுத நேரம் கிடைக்கும் என்று நம்புவோம்.

கேட்கும்போது நம்மிடமும் ஒரு பொறுப்பு உண்டு. ஸ்ரௌவ்வில் ஓக் ரிட்ஜஸ் மணல்மேட்டில் கிடக்கிறது. 2001இல் தனிச் சட்டம் போட்டுக் காத்த மேடு. மழைநீர் அங்கே மணலில் இறங்கி ரூஜ் ஆறாகவும் டஃபின்ஸ் ஓடையாகவும் தெற்கே வருகிறது. நீர் இலகுவில் இறங்கும் மண்ணில் உப்பு உரமும் இலகுவில் இறங்கும். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புப் பாறையில் இது எப்படி நடந்தது என்று நமக்குத் தெரியும். 1970களில் இறக்குமதித் தடையால் மிளகாயும் வெங்காயமும் காசாகப் பொழிந்தன, யூரியாவும் பொழிந்தது. கிணறுகளில் நைத்திரேற்று ஏறியதை 1980களிலிருந்து ஆய்வுகள் சொல்லிவருகின்றன. அந்தத் தோட்டங்களில் வேலை செய்த கைகள் இன்று ஸ்காபரோவில் இருக்கின்றன. விளைச்சலின் ருசியும் கிணற்றின் கேடும் இரண்டும் கண்டவர்கள். வைன்லாண்டின் எந்தத் தரவுத்தளத்திலும் அந்த அனுபவம் இல்லை.

அவர்களை ஆய்வுக்கு அழைப்பதானால் தேநீரும் நன்றிக் கடிதமும் போதாது. கனடாவின் 1990ஆம் ஆண்டுத் தாவர இனப்பெருக்குநர் உரிமைச் சட்டம் ரகத்தை உருவாக்கிப் பதிபவருக்கு உரிமை தருகிறது. அதன் மூல விதையைக் காத்தவருக்கு அதில் பங்கு இல்லை. இந்தியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டமோ உழவரின் ரகத்தையும் பதியவும் பயனில் பங்கு கேட்கவும் வழி வைத்திருக்கிறது. இங்கே சட்டம் மாறும்வரை ஒப்பந்தம்தான் கதி. பின்வளவு விதை ஆய்வு நிலையத்தின் வாசலைத் தாண்டுமுன் அந்த ஒப்பந்தத்தில் மூன்று விடயங்கள் எழுதப்பட வேண்டும்: விதை கொடுத்தவரின் பெயர் ரகத்தின் பதிவில் இருக்கும், பாத்தி பார்த்த நேரத்துக்குக் கூலி உண்டு, அந்த விதையை அவர் தன் அயலவருக்குக் கொடுப்பதை எந்த நிறுவனமும் தடுக்காது.