கன அடி கேட்கிறவர்கள் கடலுக்குப் போனால்



பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பிள்ளைகள் இதுவரை கடலைப் பார்த்ததில்லையாம். வீட்டுக்காரருக்கு மலை ஏற ஆசை. மாமியாருக்கு முழங்கால் வலி. ஆனாலும் கோயிலைப் பார்க்காமல் திரும்ப மாட்டார். மூன்றே நாளில் எல்லார் மனசும் நிறைகிற மாதிரி ஓர் ஊர் சொல்லுங்கள் என்கிறார்.

நம் தருமபுரி மாவட்டத்தில் மலைக்குப் பஞ்சமில்லை. வத்தல்மலை, தீர்த்தமலை, சித்தேரி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். கடலுக்குத்தான் வெகுதூரம் போக வேண்டும். அப்படிப் போவதென்றால் மலையும் கடலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிற கன்னியாகுமரிக்கே போங்கள் என்பதுதான் என் பதில்.

வழி கேட்கவும் வேண்டாம். தருமபுரியைத் தொட்டுக்கொண்டு போகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை முடிகிற இடம் குமரிமுனைதான். ஆனால் 500 கிலோமீட்டருக்கு மேல் ராத்திரியெல்லாம் கண்விழித்து வண்டி ஓட்டிப்போய், பகலில் அறையில் தூங்குவதற்கு எதற்குச் சுற்றுலா? பெங்களூருவிலிருந்து ஓசூர், தருமபுரி வழியாகப் போகிற நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இரவில் ஏறிப் படுத்தால் காலையில் நாகர்கோவில் இருக்கிற நாஞ்சில் நாடு. 60 நாளுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். இந்தக் கார்த்திகை இதழில் இதை எழுதுவதே அதற்காகத்தான். தை கடைசியில் போக நினைப்பவர்கள் இப்போதே நாள் குறித்துவிடலாம்.

ஏன் தை கடைசி? தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நனைக்கிற மாவட்டம் குமரி. தையிலும் மாசியிலும்தான் வானம் கொஞ்சம் ஓய்வு கொடுக்கும். மகரவிளக்கு முடிந்து ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் குறைந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. கோடையில் சூரியன் வடமேற்கே சாய்வதால் அங்கே நிலத்தின் பக்கம் மறையும். குளிர்காலத்தில்தான் கடலுக்குள் இறங்கும். ஒரே ஊரில் உதயமும் அஸ்தமனமும் கடலிலேயே பார்க்க வேண்டுமென்றால் அந்த மாதங்கள்தான் தோது.

முதல் நாள் காலையை மலைக்குக் கொடுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் நிற்கிறது மருந்துவாழ்மலை. நாகர்கோவிலுக்கும் குமரிக்கும் நடுவே, சாலையிலிருந்தே தெரியும். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை இங்கேதான் இருக்கிறது. உச்சியில் நின்றால் கடலும் தென்னந்தோப்பும் காற்றாலைகளும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். விடியும்போதே ஏறி, வெயில் சுடுவதற்குள் இறங்கிவிடுவது நல்லது. தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். காலி பாட்டிலைக் கையோடு கொண்டுவாருங்கள்.

மற்றவர்கள் மலை ஏறி இறங்குவதற்குள் மாமியாரைப் பக்கத்திலேயே சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு அழைத்துப் போகலாம். சிவன், திருமால், பிரம்மா மூவரும் ஒன்றாக இருக்கிற சன்னிதி. தட்டினால் இசைக்கிற கல்தூண்களும் உண்டு. மாலையில் எல்லாரும் சேர்ந்து வட்டக்கோட்டை. மார்த்தாண்ட வர்மா காலத்தில் டச்சுத் தளபதி டிலனாய் சீரமைத்த கருங்கல் கோட்டை அது. மதில்மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. மலை ஏற முடியாதவர்களுக்கும் மலையும் கடலும் சேர்ந்து கிடைக்கிற இடம்.

இரண்டாம் நாள் விவேகானந்தர் பாறை. காலையிலேயே படகுத்துறைக்குப் போய்விடுங்கள். அலை அதிகமானாலும், நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகை நிறுத்திவிடுவார்கள். அதற்காக யாரிடமும் சண்டை பிடிக்காதீர்கள். பாறையிலிருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்கு இப்போது கண்ணாடிப் பாலத்தில் நடந்தே போகலாம். 2024 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள். மூன்றாம் நாள் அதிகாலையில் தோவாளைப் பூச்சந்தை. சேலத்து அரளியும், ஒருகாலத்தில் நம் மாவட்டத்தோடு இருந்த ராயக்கோட்டையின் செண்டுமல்லியும் அங்கே கூடை கூடையாக வந்து இறங்கும். செண்டுமல்லியை அங்கே கிரேந்தி என்பார்கள்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தகவல். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் அந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு முறை வருகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை. தையில் போனால் இரண்டும் குறுக்கே வராது. நம்மூரில் குச்சிக்கிழங்கு பெரும்பாலும் ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. அங்கே அதையே மரச்சீனி என்று வேகவைத்து மீன்குழம்போடு வைப்பார்கள். தவறவிடாதீர்கள்.

இனி, இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்த முக்கியக் காரணம். ஒகேனக்கல்லுக்குக் கிளம்புமுன் நாம் எல்லாரும் ஒரு கேள்வி கேட்போம்: “இன்னைக்கு எத்தனை கன அடி?” தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. காவிரி நமக்குப் பழக்கிய பாடம் இது. ஆனால் கடலைக் கண்டதும் அதே நாம் எதையும் கேட்காமல் ஓடிப்போய் இறங்கிவிடுகிறோம்.

ஆற்றில் வெள்ளம் வந்தால் நிறம் மாறும், இரைச்சல் கூடும். கடல் அப்படிச் சொல்லிக்கொண்டு வராது. தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலில் அடிக்கிற புயல்காற்று கிளப்பிவிடும் அலைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து, காற்றே இல்லாத வெயில் நாளில்கூடக் கரையில் ஏறும். கடற்கரை மக்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த இளம்பிள்ளைகள் ஐந்து பேரை அலை இழுத்துப்போனது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள தேசியக் கடல்சார் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது, செய்தியிலும் சொல்கிறார்கள். அதைவிட எளிய வழி, கரையில் வலை உலர்த்துகிற பெரியவரிடம் “இன்னைக்குக் கடல் எப்படி இருக்குங்க ஐயா?” என்று கேட்பது. அவர் வேண்டாம் என்றால் முழங்கால்கூட நனைய வேண்டாம். பிள்ளைகளுக்கு மணலிலேயே வேண்டிய விளையாட்டு இருக்கிறது.

நாஞ்சில் நாடு நமக்கு அந்நியமான இடமல்ல. தகடூர் அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவை, நாஞ்சில் வள்ளுவனையும் பாடியிருக்கிறார். கீரைமேல் தூவக் கொஞ்சம் அரிசி கேட்டதற்கு யானையையே கொடுத்துவிட்டானாம். கொடுக்கவும் ஓர் அளவு தெரியாதா என்று செல்லமாகக் கடிந்துகொள்கிறது அந்தப் புறநானூற்றுப் பாட்டு. நல்ல விருந்தாளியாகப் போனால் இன்றைக்கும் அன்பாகத்தான் நடத்துவார்கள்.

குமரி மாவட்டத்தில் வேலை பார்க்கிற நம்மூர்க்காரர்களே, குடும்பத்தோடு தங்க எந்தப் பகுதி வசதி, மரச்சீனியும் மீன்குழம்பும் எங்கே நன்றாயிருக்கும் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். பென்னாகரத்து வாசகி மூட்டை கட்டுவதற்குள், தை இதழில் வெளியிட்டுவிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்