வலியை மறைப்பது வீரமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்)

காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் போதும். அதுவரை ஆடு மேய்ந்த நம் கல்லூரி மைதானம் விடியுமுன்பே விழித்துக்கொள்ளும். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர். அந்தச் சில நிமிடங்களில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறலாம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் அந்த ஓட்டத்தின் அருமையை நன்கு அறிவேன். ஆனால் இரண்டு மூன்று வாரங்களில் தோழர்கள் பலர் மாடிப்படி இறங்கும்போது முகம் சுளிக்கின்றனர். கேட்டால், “ஒன்றுமில்லை” என்று நகர்ந்துவிடுகின்றனர். வலியைச் சொன்னால் கோழை என்பார்களோ என்ற அச்சம்!

தோழர்களே, வலியின் காரணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாதம் தரையைத் தாக்கினால் தரையும் பாதத்தைத் தாக்குகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. 1500 மீட்டருக்கோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட காலடிகள்! அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பர். முழங்கால் அம்மியைவிட உறுதியானதா? இல்லை. ஆனால் அம்மிக்கு இல்லாத உயிர் அதற்கு உண்டு. சுமையைச் சிறுகச் சிறுகக் கூட்டினால் வலுப்பெறும். திடீரென்று ஏற்றினால் நோகும்.

ஓடுவோருக்குப் பெரும்பாலும் முழங்கால் சில்லைச் சுற்றியே வலிக்கும். படி இறங்கினாலும், குத்துக்காலிட்டாலும், பேருந்தில் நெடுநேரம் காலை மடக்கி அமர்ந்தாலும் அது கூடும். உடனே, “மூட்டு தேய்ந்துவிட்டது, ஓடாதே” என்பார்கள் வீட்டில். 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு உடல்நலத்துக்காக ஓடுவோரில் 3.5 விழுக்காட்டினருக்கும், ஓடாதோரில் 10.2 விழுக்காட்டினருக்கும், போட்டிக்காக ஓடுவோரில் 13.3 விழுக்காட்டினருக்கும் இருந்தது. ஓட்டத்துக்கும் ஓர் அளவு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அப்படியானால் என்ன செய்வது? மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவதும் தவறு. ஓட்டத்தையே கைவிட்டு முடங்குவதும் தவறு. தூரத்தைக் குறையுங்கள். ஓடும்போது தோன்றும் சிறு வலி மறுநாள் காலைக்குள் தணிந்தால் அந்த அளவிலேயே தொடரலாம். தணியாவிட்டால் இன்னும் குறைக்க வேண்டும். எட்டி எட்டி வைக்காமல் காலடியைச் சற்றுக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டினால் முழங்காலின் சுமை குறையும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் வலுப்படுத்த வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்கார்ந்து நிற்பதற்கும், ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துவதற்கும், ஒரு படியில் ஏறி இறங்குவதற்கும் காசு எதுவும் வேண்டாம். பல வாரங்கள் விடாமல் செய்யும் பொறுமைதான் வேண்டும். முழங்கால் வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நிற்கையில் நழுவினாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அரசு மருத்துவமனை நமக்காகவே இருக்கிறது.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஓட்டப் பயிற்சி, அறிவிப்பு வந்தபின் நடக்கும் அவசர வேலையாக இருக்கக் கூடாது. முதலாண்டிலேயே வாரம் மூன்று நாள், சிறிது ஓட்டமும் சிறிது தசைப் பயிற்சியுமாகத் தொடங்கட்டும். வலிக்கிறது என்று சொல்லும் மாணவனை ஏளனம் செய்யாத மைதானமாக அது இருக்கட்டும். வசதி உள்ளவன் ஓராண்டு தவறினால் மறு ஆண்டு பார்த்துக்கொள்வான். நம்மில் பலருக்கு அந்த மறு ஆண்டு கிடைப்பதில்லை. ஆகவே ஓடுங்கள் தோழர்களே; முழங்கால் சொல்வதையும் கேட்டுக்கொண்டே ஓடுங்கள்!