சிலைகள் நடுவே ஒரு வீணை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கலை அருங்காட்சியகங்களில் நேரடி இசை நிகழ்ச்சிகள் வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை முழுமனதோடு ஆமோதிக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஒலிபெருக்கி வேண்டாம்.

கலைக்கூடத்தில் இசை புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்களைப் பாதுகாப்பாக வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வெறுஞ்சுவர்களுக்கு நடுவே பியானோ கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபரில் மதியக் கச்சேரிகளைத் தொடங்கினார். கட்டணம் ஒரு ஷில்லிங்தான். குண்டு விழுந்த நாட்களிலும் ஜனங்கள் வந்தார்கள். 1946 வரை அவை நடந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைக்கூடத்தில் வீணைக் கச்சேரி கேட்கப் போயிருந்தேன். ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு. பக்கத்தில் அம்மனின் செப்புத்திருமேனி இருந்த கண்ணாடிப் பேழை கிணுகிணுவென்று அதிர்ந்துகொண்டே இருந்தது. எனக்கு மனசு பதறியது. பாதியில் மின்சாரம் போனது. வாசித்தவர் நிறுத்தவில்லை. மீட்டிய தந்தியின் கார்வை அடங்கும்வரை அப்போதுதான் காதில் விழுந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அம்மனின் இடை நெளிவையும், எதையோ பிடித்திருப்பதுபோல் குவிந்த விரல்களையும் அன்றுதான் நின்று பார்த்தேன்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். அவர் முன்னிலையில் மாதம் ஒரு மாலை, பேழைகளுக்குச் சற்றுத் தள்ளி, ஐம்பது பேருக்கு மட்டும், மைக் இல்லாமல் வீணையோ புல்லாங்குழலோ ஒலிக்க அருங்காட்சியகத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். முன்வரிசையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புரசைவாக்கம், சென்னை