கேலாங் குழு எங்கே விளையாடுகிறது?

போன மாதம் ஒருநாள் காலை நிகழ்ச்சியில் உள்ளூர்க் காற்பந்து முடிவுகளை வாசித்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். பாட்டு பாதி ஓடுவதற்குள் ஒரு குரல்பதிவு வந்தது. கேலாங் பாருவில் இருக்கும் ஓர் அம்மா. "தம்பி, கேலாங்னு ஒரு டீம் பேரு சொன்னீங்களே, அவங்க கேலாங்ல எந்தத் திடல்ல விளையாடுறாங்க? என் பேரனைக் கூட்டிட்டுப் போகணும்."

பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. கேலாங் இன்டர்நேஷனல் விளையாடுவது தெம்பனிஸில். 'நம் தெம்பனிஸ் நடுவ'த்துத் திடலை தெம்பனிஸ் ரோவர்ஸ் குழுவோடு பகிர்ந்துகொண்டு, 2019லிருந்து அங்கேதான் ஆடுகிறது. அதற்கு முன்பும் கேலாங்கில் இல்லை, பிடோக்கில் இருந்தது. சரி, சொந்த ஊரில் விளையாடாத குழு அந்த ஊர்க்குழுதானா? அன்றைக்கு ஒலிபரப்பு முடிந்தும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் கேட்டேன்.

அப்பாவுக்கு இது கேள்வியே இல்லை. "நம்ம டீமுடா அது. எங்க விளையாடினா என்ன?" என்றார்.

அவர் 'நம்ம' என்பதற்கு வரலாறு உண்டு. நான் பிள்ளையாக இருந்தபோது அப்பா கேலாங் லோரோங் ஒன்றில் இருந்த அச்சகத்தில் வேலை பார்த்தார். பேட்ரிக் ஆங் என்பவர் 1970களின் தொடக்கத்தில் தொடங்கிய கேலாங் இன்டர்நேஷனல் அப்போதே பெரிய பெயர். பகலில் எங்கேயாவது வேலை, மாலையில் பயிற்சி என்றிருந்த காலத்துக் கழகம் அது. தேசிய லீக்கில் 1988 முதல் 1993 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் வெற்றியாளர். ஆனாலும் நாட்டு மக்களின் கண் முழுக்க மலேசியக் கிண்ணத்தின் மேல்தான் இருந்தது. 1994 டிசம்பரில் ஷா ஆலமில் பகாங்கை 4-0 என்று வென்று சிங்கப்பூர் கிண்ணத்தைக் கொண்டுவந்த இரவை அப்பா இன்றும் நிமிடவாரியாகச் சொல்வார். அதற்குப் பிறகு நாம் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகினோம். 1996 ஏப்ரலில் எட்டுக் கழகங்களோடு எஸ்.லீக் தொடங்கியது. அதுவரை ஒரே நாடு, ஒரே குழு என்று கத்திய ரசிகர்களிடம், இனி உன் வட்டாரம் எது என்று கேட்டார்கள். அப்பா யோசிக்காமல் கேலாங் என்றார். கழகத்தின் பெயர் அப்போது கேலாங் யுனைடெட் ஆகியிருந்தது. திடல் பிடோக்.

அந்த ஆண்டு இறுதியில் வெற்றியாளரை முடிவு செய்யும் ஆட்டத்துக்கு அப்பா என்னைக் கூட்டிப்போனார். பழைய தேசிய விளையாட்டரங்கில் சுமார் 30,000 பேர். எனக்கு ஏழு வயது. ஆட்டம் நினைவில் இல்லை. முன்னால் நின்றவரின் முதுகும், கச்சாங் பூத்தே பொட்டலமும், காலடியில் சிமெண்டு படி அதிர்ந்ததும் நினைவிருக்கின்றன. ஃபாண்டி அகமது இருந்த கேலாங் யுனைடெட், சிங்கப்பூர் ஆயுதப்படைக் குழுவை வென்று முதல் எஸ்.லீக் பட்டத்தை எடுத்தது. லீக்கின் அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஈரானிய வீரர் ஹமீத் ரேசா எஸ்திலி நம்மிடம் ஆடியிருக்கிறார். 1998 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவுக்கு எதிராக அவர் தலையால் முட்டிக் கோல் போட்டபோது எங்கள் வீட்டில், "டேய், நம்ம கேலாங் பையன்டா!" என்று கூப்பாடு. புளோக் முழுக்கக் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு 2001ல் இன்னொரு லீக் பட்டம், 2009ல் சிங்கப்பூர்க் கிண்ணம். கூட்டம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கரைந்தது. 2013ல் கழகம் மறுபடி 'கேலாங் இன்டர்நேஷனல்' என்று பழைய பெயரை எடுத்துக்கொண்டது. பெயர் ஊர் திரும்பியது, குழு திரும்பவில்லை.

இடம் மாறுவதால் மட்டும் ஒன்று நம்முடையது இல்லை என்று ஆகிவிடாது. கேலாங் ஈஸ்டில் இருக்கும் ஸ்ரீ சிவன் கோயிலைப் பாருங்கள். ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்த கோயில் அது. டோபி காட் எம்ஆர்டி கட்ட வேண்டியிருந்ததால் இடம் விட்டு, 1993ல் கேலாங்குக்கு வந்தது. இன்று அதைக் கேலாங் கோயில் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சிவராத்திரிக்கு அங்கே நின்று பார்த்தால் காரணம் தெரியும். விளக்குக்கு எண்ணெய் ஊற்றவும், வரிசையை ஒழுங்குபடுத்தவும், அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கவும் ஆள் இருக்கிறது. எல்லோருக்கும் செய்ய ஏதோ ஒரு வேலை. காற்பந்து ரசிகருக்கு நாம் கொடுத்திருக்கும் வேலை டிக்கெட் வாங்கிக் கைதட்டுவது மட்டும்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கழகம் இருக்கிறது. 2005ல் அமெரிக்க வணிகர் மால்கம் கிளேசர், பெரும்பாலும் கடன் பணத்தில், மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கினார். வாங்கிய கடனில் பெரும்பகுதி கழகத்தின் தலையிலேயே ஏறியது. கொதித்துப்போன ரசிகர்களில் ஒரு பகுதியினர் தாங்களே ஒரு கழகம் தொடங்கினார்கள். பெயர் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர். இங்கிலாந்துக் காற்பந்து ஏணியில் பத்தாவது படியில், தொழில்முறை லீக்குகளுக்கு எவ்வளவோ கீழே ஆரம்பித்து, முதல் மூன்று பருவத்திலும் தொடர்ந்து மேலே ஏறினார்கள். சந்தா கட்டியவர் எல்லோரும் உரிமையாளர். ஒருவர் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஒரே ஒரு வாக்கு. சட்டையில் விளம்பரதாரர் பெயர் கிடையாது. பத்தாண்டு இரவல் திடல்களில் ஆடிவிட்டு, 2015ல் மோஸ்டன் என்னும் பகுதியில் சொந்தத் திடல் கட்டினார்கள். அதற்கு ரசிகர்களும் வட்டார மக்களும் பங்கு வாங்கிக் கொடுத்தது மட்டும் ஏறக்குறைய 2 மில்லியன் பவுண்டு.

உடனே எல்லாம் இனித்தது என்று நினைத்துவிடாதீர்கள். திடல் திறந்த அடுத்த ஆண்டே நிர்வாகத்தோடு பெரிய சண்டை, பதவி விலகல்கள். பத்துப் பேர் உரிமையாளராக இருந்தாலே வீட்டில் நிம்மதி இருக்காது, ஆயிரக்கணக்கானவர் என்றால் கேட்க வேண்டுமா?

இந்தக் கதையில் நம் ஊருக்கும் ஒரு பாத்திரம் உண்டு. அதே மான்செஸ்டர் வட்டாரத்தில் சால்ஃபர்ட் சிட்டி என்ற சின்னக் கழகத்தை 2014ல் முன்னாள் யுனைடெட் நட்சத்திரங்கள் வாங்க, சிங்கப்பூர்ச் செல்வந்தர் பீட்டர் லிம் அதில் பாதியை எடுத்துக்கொண்டார். 2016லிருந்து இரண்டு பருவம் சால்ஃபர்டும் எஃப்சி யுனைடெட்டும் ஒரே லீக்கில் மோதின. ஒரு பக்கம் நம் ஊர்ப் பணம், இன்னொரு பக்கம் சந்தா ரசீது. 2019ல் சால்ஃபர்ட் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தது. அதே ஆண்டு எஃப்சி யுனைடெட் ஒரு படி கீழே இறங்கியது. பணம் வேலை செய்யும் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் லிம் பெரும்பங்கு வாங்கிய ஸ்பெயின் கழகம் வலென்சியாவில், 'லிம், வீட்டுக்குப் போ' என்று ரசிகர்கள் அட்டை பிடித்ததையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அட்டை பிடிக்கத்தான் முடிந்தது. வாக்கு அவர்களிடம் இல்லை.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "நமக்கும் ஒரு பணக்காரர் கிடைச்சா நல்லாத்தான் இருக்கும்" என்றார். அவர் சொல்வதில் நியாயமில்லாமல் இல்லை. 2020ல் ஹோம் யுனைடெட்டை சீ குழுமம் எடுத்து லயன் சிட்டி செய்லர்ஸ் ஆக்கியது. நாட்டின் முதல் தனியார் காற்பந்துக் கழகம். மறு ஆண்டே லீக் பட்டம். அப்படி யாரும் கிடைக்காதவர்கள் கதி? 1996 இறுதியில் கேலாங்கிடம் தோற்ற ஆயுதப்படைக் குழு பின்னர் வாரியர்ஸ் என்று பெயர் மாற்றியது. ஒன்பது முறை லீக் வென்ற அந்தக் கழகம் பணச் சிக்கலால் 2020லிருந்து லீக்கில் இல்லை. இங்கே பல கழகங்கள் மானியத்தையும் ஜாக்பாட் இயந்திரங்களையும் நம்பியே காலம் ஓட்டின. அந்த இயந்திரங்களுக்கான விதிகளை அரசாங்கம் 2017ல் இறுக்கியது. சூதாட்ட இயந்திரத்தின் வருமானத்தில் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கியது எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. ஆனால் அதுவும் குறைந்தால் யார் கொடுப்பார்கள் என்று கேட்டால் வாயடைத்துப் போகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லலாம். ரசிகர்கள் சேர்ந்து கழகம் நடத்துவது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புதுமை மாதிரி நமக்குத் தோன்ற வேண்டியதில்லை. சிங்கப்பூர்ச் சட்டப்படி பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம். தமிழருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. தமிழ் அமைப்புகளின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? வடையும் தேநீரும் முடிந்ததும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "பக்கம் ஆறு, இதரச் செலவு இருநூறு வெள்ளி, அது என்ன?" என்று ஆரம்பிப்பார். அவரைப் பார்த்து நாம் சிரிப்போம். ஆனால் எஃப்சி யுனைடெட்டைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதும் அப்படிப்பட்டவர்கள்தான். பாலஸ்தியர் ரோட்டில் இருக்கும் இந்தியர் சங்கம் 1923லேயே தொடங்கியது. 1999ல் சீக்கியச் சமூகம் கிளமெண்டி கல்சா என்று எஸ்.லீக்கில் ஒரு கழகத்தையே இறக்கியது. தனியாக நான்கு பருவம்தான் ஆட முடிந்தது. பின்னர் பாலஸ்தியர் குழுவோடு சேர்ந்தது. இன்றும் பாலஸ்தியர் கல்சா என்ற பெயரில் 'கல்சா' இருக்கிறது.

கேலாங்கை நாளைக்கே ரசிகர்கள் வாங்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தத் திடல், என்ன பெயர், டிக்கெட் என்ன விலை, இந்த மூன்றிலாவது சந்தா கட்டிய ரசிகருக்கு ஒரு வாக்கு கொடுத்துப் பார்க்கலாமே என்கிறேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "ஓட்டுப் போட்டா கோல் விழுமா?" என்கிறார். போன வாரம் தெம்பனிஸுக்குச் சேர்ந்து போனோம். ரயிலில் பிடோக் தாண்டும்போது ஆரம்பித்த வாக்குவாதம் இடைவேளை வரை ஓடியது. இரண்டாம் பாதியில் ஒரு வாய்ப்பு வீணானதும் அப்பா தாமாகவே முணுமுணுத்தார்: "அந்தப் பிடோக் திடலை விட்டப்ப நம்மள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கேலாங் பாரு அம்மாவுக்கு: பேரனைக் கூட்டிக்கொண்டு தெம்பனிஸ் ரயில் நிலையத்தில் இறங்குங்கள், நடக்கும் தூரம்தான். பச்சைச் சட்டை போட்ட கூட்டத்தில் பெரியவர் ஒருவர் நடுவரைத் தமிழில் திட்டிக்கொண்டிருப்பார். அவர் பக்கத்தில் உட்காருங்கள். பையனுக்கு 1996 கதையைச் சொல்லாமல் அனுப்பமாட்டார்.