பொத்தானை அழுத்தினால் கறுக்கும் ஜன்னல்

போயிங் 787 விமானத்தின் ஜன்னல்களில் இழுத்து மூடும் திரை கிடையாது. ஜன்னலுக்குக் கீழே ஒரு பொத்தான்தான். அதை அழுத்தினால் கண்ணாடி மெல்ல நீலம் பாரித்து, ஓரிரு நிமிடத்தில் இருண்டுவிடும். 2012இல் ஏர் இந்தியாவுக்கு இந்த விமானங்கள் வரத் தொடங்கியதால் இந்தியப் பயணிகள் பலருக்கும் இது பழகிய சமாச்சாரம். இதே வித்தையைக் கட்டடங்களுக்குக் கொண்டுவந்து ஏ.சி. செலவைக் குறைக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் நெடுநாள் ஆசை.

விமானத்தில் இருப்பது கண்ணாடிகளுக்கு நடுவே அடைத்த கூழ். கட்டடங்களுக்கு டங்ஸ்டன் ஆக்ஸைடு பூச்சு. மின்சாரம் பட்டால் அது நீலமாகும் என்பதை எஸ்.கே. தேப் என்ற விஞ்ஞானி அமெரிக்காவில் 1969இலேயே காட்டிவிட்டார். சில வோல்ட் கொடுத்தால் லித்தியம் அயனிகள் பூச்சுக்குள் நுழைகின்றன, நிறம் ஏறுகிறது. மின்சாரத்தின் திசையை மாற்றினால் வெளுத்துவிடும். தெளிவாக இருக்கும்போது 60 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும் கண்ணாடி, முழுதும் கறுத்தபின் 1 சதவீதமே விடுகிறது. பெரிய கண்ணாடிகள் கறுக்க 10 நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை கண் கூசத்தான் செய்யும்.

கறுத்த கண்ணாடி வெயிலைத் திருப்பி அனுப்புவதில்லை, உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் தானே சூடேறுகிறது. அந்தச் சூடு அறைக்குள் வராமலிருக்க, இடைவெளி விட்டு உள்பக்கம் இன்னொரு கண்ணாடி வேண்டும். விலையும் ஏறுகிறது. இத்துறையில் பெரிதாக வளர்ந்த கலிஃபோர்னியாவின் வியூ நிறுவனத்தில் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 2018இல் 110 கோடி டாலர் போட்டது. 2024இல் வியூ திவால் மனு கொடுத்தது.

மின்சாரமே கேட்காத பூச்சும் உண்டு. வனேடியம் டை ஆக்ஸைடு 68 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தானாகவே அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கத் தொடங்கும். வெளிச்சம் அதிகம் குறையாது. கொஞ்சம் டங்ஸ்டன் கலந்தால் இந்த வரம்பு அறை வெப்பநிலைக்கே இறங்கிவிடும். கண்ணாடியில் மஞ்சள் பழுப்பு படிவதுதான் பலருக்குப் பிடிப்பதில்லை.

இரண்டு பூச்சுகளுமே கோடையில் வெப்பத்தைத் தடுத்து, குளிர்காலத்தில் உள்ளே விடும் இடத்தில்தான் முழுப் பலன் தரும். டெல்லிக்கும் சண்டிகருக்கும் அது பொருந்தும். சென்னைக்கோ கொச்சிக்கோ எந்த மாதத்தில் வெயிலின் சூடு வீட்டுக்குள் தேவைப்படுகிறது? அங்கே எப்போதும் வெப்பத்தைத் தடுக்கும் சாதாரணப் பூச்சும், ஜன்னலுக்கு மேல் ஒரு சன்ஷேடும் குறைந்த செலவில் பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடியைப் பதித்துவிட்டு, பிறகு அதைக் கறுக்க வைக்கவும் காசு கொடுப்பது வேடிக்கைதான். சன்ஷேடு வைக்க முடியாத, வெளிக்காட்சியும் மறையக் கூடாத விமான நிலைய முகப்பு போன்ற இடங்களில் இந்தக் கண்ணாடிக்கு வேலை உண்டு.